சாந்தா எங்ராசியாவில் இடம் பிடித்தவர்கள்

லிஸ்பனில் சாலையைத் தோண்டிப் போட்டு வருஷக்கணக்கில் மூடாமல் விட்டாலோ, சமையலறையைப் புதுப்பிக்க வந்த கொத்தனார் ஆறு மாதமாக "இதோ நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாலோ, "சாந்தா எங்ராசியா வேலைதான்" என்று அலுத்துக்கொள்வார்கள். அந்தச் சாந்தா எங்ராசியா நகரத்தின் கிழக்குப் பக்கம், தேஜோ ஆற்றைப் பார்த்த மேட்டில் நிற்கிற ஒரு தேவாலயம். 1682-இல் அடிக்கல் நாட்டினார்கள். கூரை மூடித் திறப்பு விழா நடத்தியது 1966 டிசம்பரில். நடுவே 284 வருடங்கள். அதற்குள் அரசர்கள் போய்க் குடியரசு வந்தது, குடியரசு போய்ச் சர்வாதிகாரம் வந்தது. கட்டடமும் தேவாலயமாக இல்லாமல், நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் தேசியப் பாந்தியனாகிவிட்டிருந்தது.

என் அக்கா மகன் லிஸ்பனில் மேற்படிப்பு படிக்கிறான். போன வசந்தத்தில் அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, பார்க்க வேண்டிய இடங்கள் என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தான். பாதியை அடித்துவிட்டு, பாந்தியனை மட்டும் வட்டம் போட்டான். "மாமா, இங்க யூசேபியோ இருக்கார். இது கண்டிப்பா போகணும்." அவனுக்குக் கால்பந்து. எனக்கு வேறு காரணம் இருந்தது. ஒரு நாட்டைப் பற்றி அறிய அதன் சிலைகளைவிடக் கல்லறைகளைத்தான் நான் நம்புவேன். சிலை வைப்பது சுலபம், நாலு பேர் சேர்ந்தால் வைத்துவிடலாம். ஓர் ஆளின் எலும்பை எடுத்து இடம் மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் சட்டம் பேச வேண்டும், குடும்பம் சம்மதிக்க வேண்டும், எதிர்ப்பவர்களைச் சமாளிக்க வேண்டும். அவ்வளவு சிரமப்பட்டு யாரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்பதில் நிறைய விஷயம் இருக்கும்.

28-ஆம் எண் டிராமில் போனோம். அதில் ஏறுவது பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதவில்லை. சாவோ விசென்தே தேவாலயத்தின் பக்கம் இறங்கி, வளைவைத் தாண்டிக் கீழே நடந்தால் சாந்தா கிளாரா திடல். சனிக்கிழமை என்பதால் திடல் முழுக்கப் பழைய சாமான் சந்தை. உடைந்த கடிகாரங்கள், ஓடுகள், யாருடையதோ திருமணப் புகைப்படங்கள், அங்கோலாவில் போர் செய்த காலத்து ராணுவப் பொத்தான்கள். அந்த விரிப்புகளுக்கு மேலே, வெள்ளையாக, கொஞ்சம் ரோஜா நிறம் ஓடிய கல்லில், பாந்தியனின் குவிமாடம் தெரிந்தது.

கதை பழைய சர்ச்சிலிருந்து தொடங்குகிறது. மனுவேல் அரசரின் மகள் இளவரசி மரியா 1568-இல் இதே இடத்தில் ஒரு தேவாலயம் கட்டவைத்தார். எங்ராசியா என்பவர் பிராகா ஊரிலிருந்து போய், ஸ்பெயினின் சரகோசாவில் ரோமானியர் காலத்தில் வேதசாட்சியாக இறந்ததாகச் சொல்லப்படும் பெண். 1630 ஜனவரியில் ஒரு ராத்திரி யாரோ உள்ளே புகுந்து, நற்கருணைப் பேழையை உடைத்து அப்பங்களோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் கொந்தளித்தது. அந்தப் பக்கம் இரவுகளில் சுற்றிக்கொண்டிருந்த சிமாவோ பிரெஸ் சோலிஸ் என்ற இளைஞனைப் பிடித்தார்கள். அவன் 'புதுக் கிறிஸ்தவன்'. 1497-இல் வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட யூதர்களின் வழிவந்தவன் என்று பொருள். பிடிபடுவதற்கு அதுவே போதுமான காரணம். அடுத்த வருடம் அவன் கைகளை வெட்டி, உடலை எரித்தார்கள்.

அதன் மேல் ஊர் ஒரு கதையை வளர்த்திருக்கிறது. சோலிஸ் அங்கே சுற்றியது பக்கத்துச் சாந்தா கிளாரா மடத்துக் கன்னியாஸ்திரீ ஒருத்திக்காக. குதிரையின் குளம்புகளில் துணி சுற்றிச் சத்தமில்லாமல் வந்து போவான். அவள் பெயர் கெடக் கூடாது என்று விசாரணையில் வாயே திறக்கவில்லை. கொலைக்களத்துக்குப் போகும் வழியில், "நான் குற்றமற்றவன் என்பது எவ்வளவு உண்மையோ, இந்தக் கோயில் வேலை முடியாது என்பதும் அவ்வளவு உண்மை" என்று சாபமிட்டான். பிற்பாடு உண்மையான திருடன் வேறொரு வழக்கில் மாட்டி ஒப்புக்கொண்டான் என்றும் சொல்வார்கள். காதலும் சாபமும் கலந்த கதையைத்தான் எல்லா வழிகாட்டிகளும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்கு அது அவ்வளவாக ரசிக்கவில்லை. சாதியைப் போலப் பிறப்பால் ஒட்டிக்கொண்ட ஒரு பழியின் பேரில் ஒருவனைக் கொன்றதுதான் இதில் உறுதியாகத் தெரிந்த பகுதி. கன்னியாஸ்திரீ அதை இனிப்பாக்க வந்தவள்.

களங்கத்தைக் கழுவ நூறு பிரபுக்கள் சேர்ந்து ஒரு சபை அமைத்தார்கள். கோயிலைப் புதிதாகக் கட்டுவதாக வாக்குக் கொடுத்தார்கள். கட்டிய பகுதி 1681-இல் ஒரு புயலில் இடிந்து விழுந்தது. சாபத்தை நம்பியவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த வருடம் மறுபடி அடிக்கல். இந்தத் தடவை வரைபடம் போட்டவர் ஜோவாவ் அன்துனெஸ் என்ற கட்டடக் கலைஞர். இப்போது நாம் பார்ப்பது அவருடைய மனதில் இருந்ததுதான்.

நான்கு கைகளும் ஒரே நீளமுள்ள சிலுவை, மூலைக்கு ஒன்றாக நான்கு சதுரக் கோபுரங்கள், கோபுரங்களுக்கு நடுவே வெளிப்பக்கமாகப் பிதுங்கி வளையும் சுவர்கள். அந்த ஊரில் நீளவாக்கில் கட்டுவதே வழக்கமாக இருந்த காலம். ரோமில் பொரோமினி என்ற கட்டடக் கலைஞர் கல்லை அலை மாதிரி வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததன் எதிரொலியை இங்கே கேட்கலாம். போர்த்துகீசிய பரோக் என்றதும் நினைவுக்கு வருவது தங்க முலாம் பூசிய மரச் சிற்பங்களும் நீல ஓடுகளும். பக்கத்தில் உள்ள சாவோ விசென்தேயில் ஓடுகளைக் கண் வலிக்கும்வரை பார்க்கலாம். இங்கே இரண்டும் இல்லை. எல்லாம் கல். ரோஜா நிறம், மஞ்சள், சாம்பல், கறுப்பு என்று பளிங்கை வெட்டி ஒன்றோடொன்று பொருத்தி, தரையிலிருந்து சுவர்வரை கோலமாக இழைத்திருக்கிறார்கள். மேலே காட்சி மாடத்துக்கு ஏறிக் கீழே பார்த்தால்தான் தரையின் முழு வடிவமும் பிடிபடும். பரோக் அலங்காரம் எனக்குச் சீக்கிரம் திகட்டிவிடும், பத்து நிமிடத்தில் வெளியே காற்று வாங்கப் போய்விடுவேன். இங்கே அப்படி ஆகவில்லை. வண்ணம் கல்லுக்குள்ளேயே இருப்பதால் கண்ணை உறுத்தாமல் நிற்கிறது.

1712-இல் அன்துனெஸ் இறந்தார். அப்போதைய அரசர் ஐந்தாம் ஜோவாவுக்குப் பிரேசிலிலிருந்து தங்கம் வந்து குவிந்துகொண்டிருந்தது. பணம் இருந்தது, ஆனால் அவர் மனம் மாஃப்ராவில் இருந்தது. 1717-இல் அங்கே தன் பெயர் சொல்லும்படியான பிரம்மாண்டமான அரண்மனையும் மடமும் கட்ட ஆரம்பித்தார். முன்னோர் தொடங்கிய கோயிலை முடித்தால் யார் பெயர் சொல்வார்கள்? சாபத்தைவிட இந்தக் காரணம் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. சாந்தா எங்ராசியா சுவர்களோடு, மேலே வானத்தோடு நின்றுவிட்டது. 1755 நிலநடுக்கத்தில் பக்கத்துச் சாவோ விசென்தேயின் குவிமாடம் சரிந்து விழுந்தது. இங்கே விழுவதற்குக் குவிமாடமே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மடங்கள் கலைக்கப்பட்ட பிறகு ராணுவம் எடுத்துக்கொண்டது. ஆயுதக் கிடங்காக வைத்தார்கள், ராணுவத்துக்குக் காலணி தைக்கும் பட்டறையாக வைத்தார்கள்.

பாந்தியன் என்ற யோசனை 1836-லேயே ஆணையாக வந்துவிட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை. 1910-இல் அரசரை விரட்டிவிட்டு வந்த குடியரசு, 1916-இல் அந்த மரியாதையை இந்தக் கூரையில்லாக் கட்டடத்துக்குக் கொடுத்தது. தேவாலயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அரசு, முடியாத தேவாலயம் ஒன்றைப் பிடித்துத் தன் வீரர்களுக்குக் கோயிலாக்கியதில் கொஞ்சம் குறும்பும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் குடியரசாலும் கூரை போட முடியவில்லை. அதைச் செய்தவர் சர்வாதிகாரி சலசார்.

இங்கேதான் இந்தக் கட்டடம் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. 1966 என்ற வருடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அங்கோலாவில் 1961-இலும், கினியாவில் 1963-இலும், மொசாம்பிக்கில் 1964-இலும் விடுதலைப் போர் மூண்டாகிவிட்டது. 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் கோவாவுக்குள் நுழைந்து, நானூற்று ஐம்பது வருட ஆட்சியை இரண்டு நாளில் முடித்துவிட்டது. ஐரோப்பாவின் மற்ற நாடுகள் காலனிகளை விட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, போர்த்துகல் மட்டும் அவை காலனிகளே அல்ல, கடல்கடந்த மாகாணங்கள் என்று சாதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சலசார் கான்கிரீட்டில் குவிமாடம் எழுப்பி, மேலே கல் போர்த்தி, 284 வருட வேலையை முடித்துக் காட்டினார். சாபத்தையே வென்ற அரசு என்று சொல்லிக்கொள்ள அதைவிட நல்ல மேடை கிடைக்காது.

உள்ளே அந்த மேடையில் யாரை வைத்தார்? நடுக்கூடத்தைச் சுற்றி ஆறு கல்பெட்டிகள். கடலோடி இளவரசர் ஹென்ரி, வாஸ்கோ ட காமா, பெத்ரோ அல்வாரெஸ் கப்ரால், அஃபோன்சோ தெ அல்புகர்க், கவிஞர் கமோயன்ஸ், பிறகு 1385-இல் காஸ்டிலியப் படையைத் தோற்கடித்த தளபதி நூனோ அல்வாரெஸ் பெரெய்ரா. ஆறும் காலி. ஒன்றில்கூட உடல் கிடையாது.

அக்கா மகன் ஒரு பெட்டியில் கையை வைத்துப் பார்க்கப் போனான். காவலர் பெண்மணி தொலைவிலிருந்தே விரலை ஆட்டினார். "உள்ள ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சும் தொடக் கூடாதா?" என்றான். நியாயமான கேள்விதான்.

கப்ரால் சாந்தரெமில் இருக்கிறார். ஹென்ரி பட்டாலியா மடத்தில். கமோயன்ஸின் எலும்புகள் எவை என்பதே 1755-க்குப் பிறகு சந்தேகம். ஜெரோனிமோஸ் மடத்தில் அவர் பேரில் இருக்கும் அழகான கல்லறைக்குள் இருப்பது அவர்தானா என்று போர்த்துகீசியர்களே தோளைக் குலுக்குவார்கள். வாஸ்கோ ட காமாவின் விஷயம் இன்னும் வேடிக்கை. அவர் 1524-இல் கொச்சியில் இறந்தார். ஃபோர்ட் கொச்சியில் புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குள் தரையில் கம்பி வேலி போட்டு அவருடைய கல்லறைக் கல்லை வைத்திருக்கிறார்களே, அதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதுவும் காலி. 1539-இலேயே உடலைப் போர்த்துகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஆக அவருக்குக் கொச்சியில் ஒரு காலிக் கல்லறை, ஜெரோனிமோஸில் ஒரு நிஜக் கல்லறை, இங்கே இன்னொரு காலிக் கல்லறை. மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரைக் கப்பலை 1502-இல் மலபார்க் கடலில் ஆட்களோடு எரித்த மனிதருக்கு இவ்வளவு படுக்கை.

அல்புகர்க்கின் பெட்டி முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். 1510-இல் கோவாவைப் பிடித்துவிட்டு, ஊரிலிருந்த முஸ்லிம்களைக் கொன்று தீர்த்ததை அவரே அரசருக்குக் கடிதத்தில் எழுதியவர். அடுத்த வருடம் மலாக்கா. அங்கே அவருக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன வணிகர், போர்த்துகீசிய ஆவணங்களில் நைனா சாத்து என்று வருகிறார். நகரம் விழுந்ததும் அவரையே அங்கிருந்த வெளியூர் வணிகர்களுக்கு பெந்தஹாராவாக, அதாவது தலைவராக நியமித்தார் அல்புகர்க். அடித்தவர்கள், அடிபட்டவர்கள் என்று கோடு கிழித்து வரலாற்றைப் படித்தால் நைனா சாத்துவை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிப்போம். அவருக்கு எங்கும் பெட்டி இல்லை.

சரி, அல்புகர்க்குக்கு வருவோம். அவர் பேரில் பெட்டி வைக்கப்பட்டபோது கோவா கைவிட்டுப் போய் ஐந்து வருடம். போன பிறகுதான் வைத்தார்கள். அதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு இந்த ஆறு பெட்டிகளும் எனக்கு வெற்றிச் சின்னங்களாகத் தெரியவில்லை. இழப்பை ஒத்துக்கொள்ள மறுக்கிற ஒரு வயதானவரின் பிடிவாதமாகத் தெரிந்தன.

நிஜமான உடல்கள் பக்க அறைகளில் இருக்கின்றன. திறப்பு விழாவின்போது, அதுவரை ஜெரோனிமோஸில் வைத்திருந்த சிலரை இங்கே மாற்றினார்கள். குடியரசுத் தலைவர்களில் தியோஃபிலோ பிராகா, லிஸ்பன் ரோசியோ ரயில் நிலையத்தில் 1918-இல் சுட்டுக் கொல்லப்பட்ட சிடோனியோ பாய்ஸ், சலசாரின் ஆட்சியில் 1951 வரை தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆஸ்கர் கார்மோனா. எழுத்தாளர்களில் அல்மேய்தா காரெட், ஜோவாவ் தெ தேயுஸ், கெர்ரா ஜுங்கெய்ரோ. இவர்கள் எல்லோரையும் வேகமாகக் கடந்தோம். எல்லாம் ஒரே மாதிரிக் கல், ஒரே மாதிரி எழுத்து. பெயர்ப் பலகை இல்லாவிட்டால் தலைவரையும் கவிஞரையும் பிரித்துச் சொல்ல முடியாது.

சர்வாதிகாரம் 1974 ஏப்ரல் 25-இல் விழுந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களைப் பார்த்தால்தான் சுவாரசியம். முதலில் ஹம்பெர்ட்டோ டெல்காடோ. லிஸ்பனில் விமானத்திலிருந்து இறங்கும் எல்லோரும் இவர் பெயரைப் படித்துவிட்டுத்தான் வெளியே வருகிறோம், விமான நிலையம் இவர் பெயரில்தான் இருக்கிறது. விமானப்படைத் தளபதி. 1958-இல் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகள் சார்பில் நின்றார். ஜெயித்தால் சலசாரை என்ன செய்வீர்கள் என்று பத்திரிகையாளர் கேட்டபோது, வேறென்ன, பதவி நீக்கம் செய்வேன் என்றார். முப்பது வருடமாக யாரும் பொதுவில் சொல்லத் துணியாத வாக்கியம். 'பயமறியாத ஜெனரல்' என்று மக்கள் கொண்டாடினார்கள். தேர்தலில் மோசடி நடந்தது, அவர் நாட்டை விட்டுப் போனார். 1965 பிப்ரவரியில் ரகசியப் போலீஸ் அவரை ஸ்பெயின் எல்லைக்கு ஆசைகாட்டி வரவழைத்து, அவருடைய செயலாளரான பெண்ணோடு சேர்த்துக் கொன்று புதைத்தது. அடுத்த வருடம்தான் சலசார் இந்தக் கட்டடத்தைத் திறந்துவைத்தார். 1990 அக்டோபரில் டெல்காடோவின் உடல் இங்கே வந்தது. அவரைக் கொன்ற ஆட்சியின் முந்தைய தலைவர் கார்மோனாவும் அவரும் இப்போது ஒரே கூரையின் கீழ்.

"கார்மோனாவை வெளியே எடுத்திருக்கலாமே மாமா?" என்று அக்கா மகன் கேட்டான். எடுக்கவில்லை. ஜனநாயகம் வந்த பிறகு யாரையும் வெளியே அனுப்பவில்லை, ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. எடுத்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. டெல்காடோவுக்குப் பக்கத்தில் கார்மோனா இருப்பதால்தான் ஒரு பையன் கேட்கிறான்.

கட்டி முடித்த சலசார் மட்டும் இங்கே இல்லை. 1970-இல் இறந்தவர், பிறந்த ஊரான விமியெய்ரோவின் சின்னக் கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்தோடு கிடக்கிறார்.

அமாலியா ரோட்ரிகஸின் கல்லறையில் மட்டும் புதுப் பூக்கள் இருந்தன. மற்றவர்களுக்கு விசேஷ நாட்களில் மாலை வைப்பார்கள் போல. இவருக்கு யாரோ சாதாரண சனிக்கிழமையில் பூ வாங்கி வந்திருக்கிறார்கள். ஃபாடோ என்ற போர்த்துகீசியச் சோகப் பாடல்களின் பாடகி. 1999 அக்டோபரில் இறந்தபோது நாடே மூன்று நாள் துக்கம் கொண்டாடியது. விதிப்படி இன்னும் சில வருடங்கள் காத்திருக்க வேண்டும். மக்களின் அவசரத்தைப் பார்த்துச் சட்டத்தையே திருத்தி, 2001-இல் கொண்டுவந்தார்கள். பாந்தியனுக்குள் வந்த முதல் பெண் இவர். கவிஞர் சோஃபியா தெ மெல்லோ பிரெய்னர் 2014-இல் வந்தார். இரண்டே பெண்களைச் சொல்வதற்குள் இவ்வளவு நூற்றாண்டுகள். புரட்சி நடந்த புதிதில், பழைய ஆட்சியின் செல்லப்பிள்ளை என்று அமாலியாவைத் திட்டியவர்கள் நிறைய. தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அவர் ரகசியமாகப் பண உதவி செய்தது பிற்பாடுதான் வெளியே வந்தது.

யூசேபியோ முன்னால் அக்கா மகன் மௌனமாகிவிட்டான். அவன் மௌனமாவது அபூர்வம். மொசாம்பிக்கின் லோரென்சோ மார்கெஸில், அதாவது இன்றைய மபுட்டோவில், 1942-இல் பிறந்து, லிஸ்பனின் பென்ஃபிகா கால்பந்துக் குழுவுக்கு ஆட வந்த கறுப்பினப் பையன். 1966 உலகக் கோப்பையில் ஒன்பது கோல். வடகொரியாவிடம் மூன்று கோல் பின்தங்கியிருந்த ஆட்டத்தில் தனியாளாக நான்கு கோல் போட்டு ஐந்துக்கு மூன்று என்று திருப்பினார். போர்த்துகல் மூன்றாம் இடம்.

அதே 1966. ஜூலையில் மொசாம்பிக்கில் பிறந்த ஒருவரைப் போர்த்துகல் தலையில் தூக்கிவைத்து ஆடியது. டிசம்பரில் இந்த மண்டபத்தில் கடல்கடந்த சாம்ராஜ்யத்தின் ஆறு காலிப் பெட்டிகளைத் திறந்துவைத்தது. அப்போது மொசாம்பிக்கில் அதன் சிப்பாய்கள் அந்த ஊர்க்காரர்களோடு போரிட்டுக்கொண்டிருந்தார்கள். யூசேபியோவின் கோல்களைக் காட்டி, பாருங்கள், எல்லோரும் போர்த்துகீசியர்தானே என்று அரசு சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. 2014 ஜனவரியில் அவர் இறந்தார், அடுத்த ஆண்டு ஜூலையில் இங்கே வந்துவிட்டார். இவ்வளவு வேகம் கூடாது என்று பிறகு சட்டத்தை மறுபடி திருத்தி, இறந்து இருபது வருடமாவது ஆக வேண்டும் என்று வைத்தார்கள். கூடத்தில் உள்ளவர்களில் பலர் கப்பலேறிப் போய்ப் பிடித்த உலகத்திலிருந்து நிஜமாகவே இந்தக் கட்டடத்துக்குள் வந்து சேர்ந்த உடல் யூசேபியோவுடையது. அவர் பெட்டி காலியில்லை.

இடம் கிடைப்பதில் சண்டை நடக்காமல் இருந்ததில்லை. நாவலாசிரியர் அகிலினோ ரிபெய்ரோவை 2007-இல் கொண்டுவந்தபோது மன்னராட்சி ஆதரவாளர்கள் கொதித்தார்கள். 1908-இல் கார்லோஸ் அரசரையும் பட்டத்து இளவரசரையும் சுட்டுக் கொன்ற சதியில் இளைஞரான அகிலினோவுக்குத் தொடர்பு உண்டு என்பது அவர்கள் வாதம். அந்தக் கார்லோஸ் எங்கே இருக்கிறார்? டிராமிலிருந்து இறங்கி நாங்கள் கடந்து வந்தோமே, அந்தச் சாவோ விசென்தேயில், பிரகான்சா அரச குடும்பத்தின் கல்லறைக் கூடத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய சாமான் சந்தைதான்.

அரிஸ்டிடெஸ் தெ சூசா மென்டெஸுக்கு 2021-இல் இங்கே நினைவிடம் வைத்தார்கள். 1940 ஜூனில் பிரான்சின் போர்தோ நகரத்தில் போர்த்துகலின் துணைத் தூதராக இருந்தவர். நாஜிகளிடமிருந்து ஓடிவந்த அகதிகளுக்கு விசா கொடுக்காதே என்று சலசாரின் சுற்றறிக்கை சொன்னது. அவர் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அதில் யூதர்கள் ஏராளம். வேலை போய், வறுமையில் 1954-இல் இறந்தார். அவருடைய உடல் சொந்த ஊரிலேயே இருக்கிறது. இங்கே இருப்பது பெயர் மட்டும். இதுவும் காலிதான். ஆனால் ஒரு யூத வம்சத்துப் பையனை எரித்த கோபத்தில் கட்டத் தொடங்கிய கட்டடத்தில் இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். சாபத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லும் வழிகாட்டிகள் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

2017-இல் இந்த மண்டபத்துக்குள்ளேயே விருந்தும் நடந்தது. வெப் சம்மிட் என்ற தொழில்நுட்ப மாநாட்டின் முடிவில், கல்பெட்டிகளுக்கு நடுவே மேசை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, முதலாளிகள் சாப்பிட்டார்கள். வாடகை வாங்கிக்கொண்டு கொடுத்த இடம்தான், விதி அனுமதித்தது. படங்கள் வெளியே வந்ததும் ஊர் கொந்தளித்தது, பிரதமர் கண்டித்தார், நடத்தியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். கல்பெட்டிகள் காலி என்பதை யாரும் சமாதானமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

மாடிக்கு ஏறினோம். ஆறு, சிவப்புக் கூரைகள், கீழே துறைமுகத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைவிட உயரமான சுற்றுலாக் கப்பல். நல்ல காட்சி. இந்த ஊரில் மேட்டுக்கு மேடு இப்படித்தான் இருக்கிறது, அதற்காக இங்கே வர வேண்டியதில்லை.

கடைசியாக வந்து சேர்ந்தவர் எஸா தெ கெய்ரோஸ். போர்த்துகீசிய நாவலின் பெரிய பெயர். பெரிய மனிதர்களின் படாடோபத்தை வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்தவர். 1900-இல் பாரிஸ் பக்கம் இறந்து, லிஸ்பன் கல்லறைக்கு வந்து, 1989-இல் தோரோ ஆற்றங்கரைக் கிராமத்துக்கு மாற்றப்பட்டார். 2021-இல் நாடாளுமன்றம் அவரைப் பாந்தியனுக்கு அழைத்தது. கொள்ளுப்பேரர்களில் சிலர், கிராமத்திலேயே இருக்கட்டும் என்று நீதிமன்றம் போனார்கள். வழக்கு உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 2025 ஜனவரி 8-இல் ராணுவ மரியாதையோடு கொண்டுவந்தார்கள். அந்த ஊர்வலத்தை அவரே வர்ணித்திருந்தால் படிக்க எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வராமல் தப்பித்தவர்களும் உண்டு. 1974 புரட்சியில் சாந்தரெமிலிருந்து கவச வண்டிகளோடு லிஸ்பனுக்கு வந்து, ஆட்சித் தலைவர் கேட்டானோவைச் சரணடையவைத்த கேப்டன் சல்கெய்ரோ மாயா, தன்னைச் சொந்த ஊரான காஸ்தெலோ தெ வித்தேயில் எளிய முறையில் மண்ணில் புதைக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். எழுத்தாளர் சரமாகோவின் சாம்பல், பாந்தியனிலிருந்து கீழே ஆற்றை நோக்கி நடந்தால், காசா தூஸ் பிகூஸ் என்ற கூர்க்கல் பதித்த வீட்டின் முன்னால், அவர் பிறந்த கிராமத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த ஆலிவ் மரத்தடியில் இருக்கிறது. அங்கே டிக்கெட் கிடையாது, காவலர் கிடையாது. நாங்கள் போனபோது இரண்டு பேர் அதன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் பசிதான்.

போக நினைப்பவர்களுக்கு: பாந்தியன் திங்கட்கிழமை மூடியிருக்கும். செவ்வாயோ சனியோ போனால் பக்கத்துத் திடலில் சந்தையும் இருக்கும். சாவோ விசென்தேயை முதலில் பாருங்கள். கொல்லப்பட்ட அரசரைப் பார்த்துவிட்டு அகிலினோவைப் பார்க்கப் போவதுதான் சரியான வரிசை.